பத்து நிமிடத் தப்பு

அந்த வீட்டில் பிள்ளைகள் நான்கு, அம்மா ஒன்று. கணக்கு அங்கேயே உதைத்தது.

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள். அடுத்தவனுக்கு ஏழு. குளிக்கக் கூப்பிட்டாலும் காரணம் கேட்டு வாதாடுவதால் அவன் வக்கீல். மூன்றாவது இரண்டரை வயதுப் புயல். கடைசிப் பயலுக்கு ஐந்து மாதம். முனகினாலே வீடு மொத்தமும் எழுந்து நிற்பதால் அவன் முதலாளி. இந்தப் பட்டங்களை எல்லாம் வழங்கியது பெரியவள்தான்.

வீட்டிலேயே பாடம் என்பதால் பள்ளிக்கூடம் என்பது சமையலறை மேசை. கரும்பலகை, அலமாரிக் கதவு. பாடவேளை, சலவை இயந்திரம் ஓடும் நேரம். அது துணிகளைச் சுழற்றும்வரை முதலாளி தூங்குவான். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். அதற்குள் ஒருவனுக்கு எழுத்து, ஒருத்திக்குப் பின்னம். மேசைக்கு அடியில் சாக்பீஸைச் சுவைத்துக்கொண்டிருக்கும் புயலைக் காலால் அணைகட்டிக்கொண்டுதான் அம்மா பாடம் நடத்தினாள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தவள். முடித்த கையோடு கிடைத்த முதல் மாணவி பெரியவள். ஆறு வயது வரை பெரியவளுக்கு ஒரு முழு அம்மா இருந்தாள். ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மதியத்தை ஓட்டுவார்கள். யானைக்கு ஏன் வால் சின்னது என்று கேட்டால் அம்மா யோசித்துப் பதில் சொல்வாள். இப்போது எது கேட்டாலும் ஒரே பதில்தான்: “இதோ வரேன்டி.”

பெரியவள் ஒருநாள் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். கணக்கைச் சரியாகப் போட்டால் அம்மா ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். தப்பாகப் போட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவாள்.

அதிலும் தரம் உண்டு. கவனக்குறைவான தப்புக்குச் சிவப்பு வட்டம் ஒன்று, ஒரு திட்டு, ஒரு நிமிடம். அடிப்படையே புரியாத தப்பு என்றால் பத்து நிமிடம். அம்மாவின் தோள் இவள் தோளில் இடிக்கும். பால் வாசனையும் சோப்பு வாசனையும் வரும். பெரியவள் பத்து நிமிடத் தப்புகளைச் செய்யப் பழகினாள். சரியான விடையை முதலில் மனதுக்குள் கண்டுபிடித்துவிட்டு, பிறகு அதிலிருந்து அழகாக வழிதவறுவாள். உண்மையில் அதற்குத்தான் அதிகம் படிக்க வேண்டியிருந்தது.

“ஏண்டி, முக்காலோட மூணுல ரெண்டு பங்கைச் சேர்த்தா ஏழுல அஞ்சா? முக்காலே இதைவிடப் பெருசாச்சேடி! கூட்டினா குறையுமா?”

“குறையாதாம்மா?” என்று கண்ணை அகல விரித்தாள் பெரியவள்.

“எனக்கே தெரியும், குறையாது” என்றான் வக்கீல்.

“உன்னை யாருடா சாட்சிக்குக் கூப்பிட்டா?” என்றாள் பெரியவள்.

அம்மா சிரிக்கவில்லை. ரொட்டியை வட்டமாக வரைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பெரியவள் ரொட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் இந்த வியாபாரம் நன்றாக நடந்தது. ஒருநாள் துணி காயப்போடப் போன பெரியவள், கொடிக்கு மறுபக்கம் அம்மா போனில் பேசுவதைக் கேட்டாள். எதிர்முனையில் சித்தி. தொலைதூர ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை.

“என்னால முடியலடி. மூணு மாசமா பின்னத்துலயே நிக்கிறா. என் தப்புதான். இதுங்களை இடுப்புல வெச்சுக்கிட்டு அவளைக் கெடுத்துட்டேன். நீயே கூட்டிட்டுப் போயிடு. உன் ஸ்கூல்லயே சேர்த்துடு. லீவுக்கு வந்தா போதும்.” பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஈரச் சட்டையைப் பிடித்தபடி பெரியவள் நின்றாள். தப்பு செய்தது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள. அது இப்போது இவளையே ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால் தூக்கிப்போடப் பார்த்தது.

சனிக்கிழமை சித்தி வந்துவிட்டாள். பையைக்கூடத் திறக்காமல் இருபது கணக்கு எழுதி நீட்டினாள். “எந்த வகுப்புல சேர்க்கறதுன்னு பாக்கணும். பயப்படாம போடு, கண்ணு.”

பெரியவள் தாளையே வெறித்தாள். தப்பாகப் போட்டால் சித்தி வீடு. சரியாகப் போட்டால், தானாகவே படித்துக்கொள்ளும் சமர்த்து என்று பெயர் வாங்கி, வாழ்நாள் முழுக்க டிக் மட்டும்தான். எதிர்ப்பக்கம் அம்மா, முதலாளியைத் தோளில் போட்டுத் தட்டியபடி, இவள் பேனாவின் முனையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டும் கை அடிக்கடி நின்றது.

டிக்காவது இந்த வீட்டில் கிடைக்கட்டும் என்று தோன்றியது. இருபதையும் சரியாகவே போட்டாள்.

சித்தி இரண்டு முறை திருத்திப் பார்த்தாள். “அக்கா, இவளுக்கு என்ன குறை? பதினெட்டாவது கணக்குல நானே ஒரு நிமிஷம் முழிச்சேன்.”

அம்மா முதலாளியை உள்ளே கிடத்திவிட்டு வந்தாள். பழைய கணக்கு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முகம் மெல்ல மாறியது.

“தெரியாதவ ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணுவா. நீ தினுசு தினுசா பண்ணியிருக்க. எதுக்குடி?”

பெரியவள் நகத்தைப் பார்த்தாள்.

“சொல்லுடி!”

“சரியாப் போட்டா டிக் போட்டுட்டுப் போயிடறம்மா.”

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. புயலின் வேலை. “நான் பாக்கறேன், நீங்க பேசுங்க” என்று சித்தி எழுந்து, வாசற்படியில் வாதத்துக்குத் தயாராக நின்ற வக்கீலையும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“பக்கத்துல வாம்மான்னு கூப்பிட்டிருக்கலாம்ல?”

“எவ்வளவு தடவை கூப்பிட்டேன்! இதோ வரேன்னு சொன்ன.”

“வந்தேனா?”

“இன்னும் வரல.”

கோபம் வரும் என்று பெரியவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தேவலை. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது இவளுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

சரியாக அப்போது முதலாளி குரல் கொடுத்தான். அம்மா பாதி எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

“போம்மா. சம்பளத்தைப் பிடிச்சுடப் போறாரு.”

அம்மா போனாள். அவ்வளவுதான் என்று பெரியவள் நோட்டை மூடினாள். ஆனால் அம்மா குழந்தையோடு திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

“இங்க பாரு. சித்தி வீட்டுக்கு எல்லாம் நீ போக வேண்டாம். ஆனா பொய் சொல்ல மாட்டேன். மொத்தமா என்னால வர முடியாதுடி. பாதியாதான் வருவேன்.”

“எந்தப் பாதி?”

“அன்னன்னிக்கு எது காலியா இருக்கோ அது.”

அன்று வலப்பக்கம் காலியாக இருந்தது. பெரியவள் அங்கே நகர்ந்து ஒரு கணக்குப் போட்டாள். அம்மா டிக் போட்டாள், எழவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதன் நடுவில் சித்தியின் அலறல் கேட்டது: “அக்கா, இவ சலவைத்தூளைக் கொட்டிட்டா!”

“இதோ வரேன்” என்று அம்மா முதலாளியோடு எழுந்து ஓடினாள். இந்தமுறை அதை யாரிடம் சொன்னாள் என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. தன்னிடமாகவும் இருக்கலாம். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. வாசற்படியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஐந்தாவது கணக்கையும் போட்டாள். சரியாகத்தான் போட்டாள். பக்கத்தில் டிக்குக்கு இடம் விட்டுவிட்டு, பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.