இளங்கொடி வாழ்ந்த பகல்

கோப்பன்ஹேகனில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதிக்கும் இடையே நிலத்துக்கடியில் ஒரு நீண்ட நடைபாதை ஓடுகிறது. ஜன்னல் இல்லாத பாதை. காலைக்கும் மாலைக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. மேலே பனி கொட்டினாலும் வெயில் எறித்தாலும் அங்கே ஒரே மஞ்சள் வெளிச்சம்தான். அந்தப் பாதையில் இளங்கொடி சுமந்து நடப்பது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது.

பிள்ளை பிறந்த பிறகு வெளியே வருகிற நஞ்சுக்கொடியைத்தான் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம் என்று படித்தேன். டேனிஷ்காரர்கள் அதைத் தாய்க்கேக் என்கிறார்கள். அம்மா இளங்கொடி என்பார். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். ஒரு தாய் சம்மதித்திருக்கிறாள் என்று பிரசவப் பகுதியிலிருந்து தொலைபேசி வரும். நான் பெட்டியோடு போய்க் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளே ஒரு பிள்ளை அழும். கொஞ்ச நேரத்தில் மருத்துவமாது கொடியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைப்பார். அதன் பிறகு தாமதிக்கக் கூடாது. சுரங்கப் பாதையில் எதிரே வருகிறவர்கள் என் வேகத்தைப் பார்த்தே ஒதுங்கி வழி விடுவார்கள். பெட்டியின் பக்கம் என் இடுப்பில் படும்போது, உள்ளே இருப்பது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று தோன்றும்.

ஆய்வுகூடத்தில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதைக் கிடத்துவோம். மெல்லிய குழாய்கள் வழியாக ஒரு பக்கம் தாயின் இரத்தத்துக்குப் பதிலாகவும் மறுபக்கம் பிள்ளையின் இரத்தத்துக்குப் பதிலாகவும் வெதுவெதுப்பான திரவம் ஓடும். வெளுத்துக் கிடந்த கொடி மெல்ல மெல்ல நிறம் மாறும். பிறகு பல மணி நேரம் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பிள்ளை போய்விட்டது என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்க நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில் ஓர் இடத்துக்குப் போய்விட்டதுபோல இருக்கும்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது மலேரியாவுக்கு ஒரு தடுப்பூசி. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி. மலேரியா உள்ள நாட்டில் வளர்ந்த ஒரு பெண்ணின் உடம்பு, சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் கண்டு கண்டு அந்தக் கிருமியோடு சண்டை பிடிக்கப் பழகியிருக்கும். ஆனால் அவள் முதல்தரம் கர்ப்பமாகும்போது உடம்புக்குள் புதிதாக ஓர் இடம் உண்டாகிறது. அதுதான் இளங்கொடி. கிருமி புகுந்த இரத்தக் கலங்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கென்று அவை வெளியே நீட்டும் கையை அவளுடைய உடம்பு அதற்கு முதல் கண்டதே இல்லை. தாய்க்கு இரத்தம் குறையும். பிள்ளை நிறை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறக்கும், சிலவேளை இறந்தே பிறக்கும். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு உடம்பு அந்தக் கையை அடையாளம் கண்டுகொள்ளும். முதல் பிள்ளைக்கு முன்னமே அதைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆய்வு.

எனக்குப் பிள்ளை தங்கியபோது கிருமி வளர்க்கும் அறைக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி தூக்கவும் விடவில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நுண்காட்டிப் படங்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் பெட்டி தூக்க வந்தவள் தான்சானியாவிலிருந்து வந்திருந்த ஒரு டொக்டர். கடற்கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் வருடக்கணக்காகப் பிரசவம் பார்த்தவள். ஆய்வு படிக்கவென்று இங்கே வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். முதல் கிழமையே என் வயிற்றைப் பார்த்து, "ஆரும் உனக்குச் சமைச்சுத் தருகினமோ?" என்று கேட்டாள். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அல்பர்ட்ஸ்லுண்டுக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா இறந்த பிறகு அம்மா விபோர்க் நகரை விட்டு இங்கே வந்து, பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அன்றைக்குப் புட்டும் கணவாய்க் கறியும் செய்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே டொக்டர் மூக்கை உயர்த்தி, "தேங்காய்ப்பால்!" என்றாள். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, "மாமா" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். "நான் மாமாவோ?"

"அவையின்ர பாசையில அம்மாக்கு அப்பிடித்தான் சொல்லுறது."

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்று முழுக்க அவள் மாமா என்று கூப்பிடக் கூப்பிட அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தேநீரோடு இருந்தோம். வெளியே கார்த்திகை மாதத்துப் பனிப்புகார் தோட்டத்து வேலி வரை வந்து நின்றது. எங்கள் வேலை என்னவென்று அம்மாவுக்கு நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. மலேரியா என்று மட்டும் தெரியும். டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். முதல் பிள்ளை, கொடி, ஒட்டிக்கொள்ளும் கிருமி என்று அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதல் பிள்ளைக்குத்தானோ?"

"ஓம் அம்மா. கூடுதலா முதல் பிள்ளைக்குத்தான்."

அம்மா டொக்டரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உனக்கு முதல் எனக்கொரு பிள்ளை பிறந்தது எண்டு அவவுக்குச் சொல்லு."

நான் வாயைத் திறந்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். பாதி வசனத்தில்தான் அது எனக்கு உறைத்தது. நான் தனிப்பிள்ளை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குரல் நின்றுவிட்டது.

"சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "நிப்பாட்டாமல் சொல்லு. நிப்பாட்டினால் பிறகு நான் சொல்லமாட்டன்."

அம்மா சொல்லிக்கொண்டு போனார், நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனது. காட்டோரம் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. நடுக்கல் காய்ச்சல் ஒன்றுவிட்ட ஒருநாள் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து குளிசை இல்லாதது. மாதம் குறைந்து ஒரு பெண்பிள்ளை பிறந்து, சில நாள் இருந்து, பிறகு இல்லாமல் போனது. மொழிபெயர்க்கும்போது அந்த வசனங்கள் என் வாயில் வேறு யாருடைய கதையோபோல ஓடின. வயிற்றுக்குள் என் பிள்ளை புரண்டது.

"நான் காய்ச்சலோட கிணத்தடியில தோய்ஞ்சனான்," என்றார் அம்மா. "உடம்பெல்லாம் நெருப்பு மாதிரி எரிஞ்சுது, தாங்கேலாமல் தலைக்கு வாத்தனான். அதாலதான் பிள்ளை போச்சுது எண்டு சொன்னவை. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் டொக்டர் எழும்பினாள். கதிரையை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள்.

"மாமா, பிள்ளையைப் பறிகுடுத்த கனபேரை நான் கண்டிருக்கிறன். ஒவ்வொருத்தியிட்டையும் இப்பிடி ஒரு காரணம் இருந்தது. ஒருத்தி ஆத்தைக் கடந்தனான் எண்டாள். ஒருத்தி புருசனோட கோவிச்சுக்கொண்டு சாப்பிடேல்லை எண்டாள். உங்களுக்கு அண்டைக்கு என்ன நடந்தது எண்டு இப்ப ஆராலும் அடிச்சுச் சொல்லேலாது. ஆனால் தோய்ஞ்சதால ஒரு பிள்ளையும் சாகிறேல்லை. அது எனக்கு நல்லாத் தெரியும்."

நான் சொல்லி முடித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "உண்மையா அவ அப்பிடிச் சொன்னவவோ? நீயாச் சேர்த்துச் சொல்லுறியோ?"

"அவதான் சொன்னவ அம்மா."

அம்மா தலையை ஆட்டினார். எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. புகார் வேலியைத் தாண்டி வந்து ஜன்னலை மூடிவிட்டது.

அன்றைக்குப் போகும்போது வாசலில் வைத்து டொக்டரிடம், என் கொடியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அம்மாவுக்கு அதைச் சில நாள் கழித்துத்தான் சொன்னேன். "அது மண்ணில தாட்டுவிடுறது எல்லோ?" என்று முதலில் முகம் சுளித்தார். கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் தொலைபேசியில், வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது, "அதைக் குடுக்கிறதெண்டால் குடு," என்றார்.

மகள் பிறந்தது பனி கரைந்த பிறகு, ஒரு வெளிச்சமான காலையில். என் கணவர் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். பிள்ளையை நெஞ்சில் போட்டார்கள். மருத்துவமாது என் வயிற்றை அழுத்தி, "இன்னும் ஒருக்கா," என்றார். கொடி வழுகி வெளியே வந்தது. கதவு திறந்து மூடியது. நடைபாதையில் யாரோ வேகமாகப் போகிற சப்பாத்துச் சத்தம் கேட்டது. அந்த நடையை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த பகலை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் நித்திரை கொண்டேன், ஆனால் நித்திரை இல்லை. ஜன்னல் சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. பிள்ளையின் மூச்சு என் தோளில் பட்டது. கண்ணை மூடினால் வெதுவெதுப்பான தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் இரண்டு இடத்தில் கிடக்கிறேன் என்று தோன்றியது. ஒன்று இந்தக் கட்டில். மற்றது நிலத்துக்கடியில் போகும் அந்த மஞ்சள் பாதையின் மறுமுனையில், ஒரு கண்ணாடிக்குள். அங்கே கிடக்கும் நானும் மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கவில்லை. உடம்பு அவ்வளவு பெரிதாக, அவ்வளவு இலேசாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

பின்னேரம் அம்மா வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது டொக்டர் வந்தாள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"பெட்டியில பேர் இருக்கிறேல்லை. ஆரின்ர எண்டும் நான் சொல்லக் கூடாது," என்றாள் என்னிடம். "ஆனால் இண்டைக்கு வந்தது நல்ல கொடி. இப்ப வரைக்கும் உயிரோட இருந்தது."

"கிருமி ஒட்டினதோ?"

"முதல் ஒட்டினது. கொத்துக் கொத்தா ஒட்டினது." அவள் களைத்திருந்தாள். கண் மட்டும் மினுங்கியது. "பிறகு, சோதனைக்குத் தடுப்பூசி போட்ட ஆக்களின்ர இரத்தத்தில இருந்து எடுத்த எதிர்ப்பொருளைக் கலந்து விட்டம். பிடிக்கேலாமல் வழுக்கிக்கொண்டு போச்சுது."

என்ன சொல்கிறாள் என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"எல்லாம் போச்சுதாமோ?"

"எல்லாம் இல்லை மாமா. கனக்கப் போச்சுது."

"இனிக் கொடியை என்ன செய்வினம்?"

சின்னத் துண்டுகளை மெழுகில் பதித்து வைப்பார்கள், மிச்சத்தை ஆஸ்பத்திரியில் எரித்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். "எரிக்கிறவையோ," என்றார் அம்மா. "அதுவும் சரிதான்." பிறகு டொக்டருக்குப் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினார். பத்தியக் கறி எனக்குத்தான் கொண்டுவந்திருந்தார். அதில் பாதியை அவள் கட்டில் விளிம்பில் இருந்தே சாப்பிட்டுவிட்டாள்.

கோடை முடியுமுன் அவள் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். சிலவேளை தொலைபேசியில் முகம் காட்டுவாள். பின்னால் மழை பெய்யும், அல்லது யாராவது அவளைக் கூப்பிடுவார்கள். தடுப்பூசி இன்னும் முடியவில்லை. ஒரு வகைக் கிருமியின் கையைப் பிடித்து நிறுத்துகிறது, வேறு வகை நழுவிவிடுகிறது. வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்கிறோம். மகளை டேனிஷ் பிள்ளைகளோடு பாலர் பராமரிப்பில் விட்டுவிட்டு நானும் கிருமி வளர்க்கும் அறைக்குத் திரும்பினேன்.

இந்த இலையுதிர் காலத்தில் ஆய்வுகூடத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று ஒரு பிற்பகல் திறந்துவிட்டார்கள். அம்மா சேலை உடுத்து, மேலே குளிர்ச்சட்டை போட்டு வந்தார். ஒரு கண்ணாடித் தகட்டை நுண்காட்டியில் வைத்துக் கொடுத்தேன். அதிலிருப்பவை செத்த கிருமிகள், பயப்பட வேண்டாம் என்றேன். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"ஒண்டும் தெரியேல்லை... இப்ப தெரியுது. கல்லு வைச்ச மோதிரம் மாதிரிக் குட்டியாக் கிடக்கு."

"அதுதான் அம்மா."

"இதுதானோ?"

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அம்மா நிமிரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தானாக நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, போவம்," என்றார்.

எஸ்-ரயிலில் எதிரெதிரே இருந்தோம். வெயில் தாழ்ந்து, மேப்பிள் மரங்களின் மஞ்சள் இலைகள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா வெளியே பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"உன்ர அக்காவுக்குத் தலை நிறைய மயிர். கறுகறு எண்டு. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு மயிரை ஒருத்தரும் கண்டதில்லை. பக்கத்துத் தறப்பாள் சனமெல்லாம் பாக்க வந்தவை. விரல் நீளம். என்ர சின்ன விரலைப் பிடிச்சால் விடாள்..."

அல்பர்ட்ஸ்லுண்ட் வந்தது. இறங்கினோம். படியில் ஏறும்போதும், சைக்கிள் பாதையைக் கடக்கும்போதும் அம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன்.