கரைக் கணக்கு

தராசில் எண் நின்றதும் கலைவாணி அதைத் தான் பார்க்கும் முன்பே விற்க வந்தவர் பக்கம் திருப்பிவிடுவாள். பழவேற்காட்டில் பெனிட்டாவின் இறால் கொட்டகையில் எடை போடுவது அவள் வேலை. கூடையைத் தூக்கி உலுக்குவாள், தண்ணீர் வடியும்வரை பிடித்திருப்பாள், அப்புறமும் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பாள். யாராவது முணுமுணுத்தால், "தோ, நீயே படி மாமா" என்பாள். எண்ணைத் திருப்பிக் காட்டுகிறவளோடு என்ன சண்டை போடுவது?

தன் விஷயத்தில் மட்டும் அவள் எந்த எண்ணையும் முழுதாகச் சொன்னதில்லை. கோட்டைக்குப்பத்துக்காரி. அங்கே படகு கொள்ளாமல் மீன் வந்தாலும் கரையில் இறங்குகிறவன் "ஏதோ வந்துச்சு" என்றுதான் சொல்வான். வற்புறுத்திக் கேட்டால், "கொழம்புக்கு ஆச்சு." தராசில் ஏறும்வரை மீன் தன்னுடையதில்லை என்பது அவர்கள் எண்ணம். கலைவாணிக்கு இது கொஞ்சம் அதிகமாகவே ஊறிவிட்டது. பி.காம்.மில் முதல் வகுப்பு வாங்கியதை வீட்டில் "பாஸாய்ட்டேன்" என்று சொன்னாள். மகள் வயிற்றிலிருந்தபோது ஏழாம் மாதத்தை ஐந்து என்றாள். பிள்ளை சீக்கிரம் பிறந்துவிட்டதாகப் பக்கத்துத் தெருவில் இன்னும் நம்புகிறார்கள். 

பிறர் செய்த உதவியைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கழிக்கத் தெரியாது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதிய கதையை யார் கேட்டாலும் தன்னைப் பற்றி ஒரு வரி, மற்றவர்களைப் பற்றி ஒன்பது வரி. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். மதியத்துக்கு மேல் பெனிட்டா தானே தராசுக்கு வந்து அவளை அங்கே அனுப்பிவிடுவாள். பெனிட்டாவுக்கு முட்டிவலி, நிற்க முடியாது. நின்றாள். மாமியார் கோவிந்தம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டே பொன்னேரிச் சந்தைக்குப் போய் மீன் விற்றாள். 

தேர்வு நாளன்று கலைவாணியின் கணவன் ரஞ்சித்துக்குப் பாடு விழுந்திருந்தது. ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட ஒவ்வொருவருக்கும் வருகிற முறை அது. விட்டால் மறுபடி வரக் காத்திருக்க வேண்டும். அவன் அதை விட்டுவிட்டுப் பைக்கில் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு கூடை இறால் இருந்தது. ரஞ்சித்தின் அண்ணன் துளசிங்கம் தம்பிக்காகப் போய் வலை கட்டியிருந்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஏதோ வந்துச்சு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாராம்.

விடைகள் இணையத்தில் வந்த அன்று காலையிலேயே மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டாள். சரிக்கு மூன்று, தவறுக்கு ஒன்று கழிவு. எழுபத்தொன்று வந்தது. உடனே கூடையை உலுக்க ஆரம்பித்தாள். குருட்டாம்போக்கில் குறித்துச் சரியாகிப்போன நான்கைத் தவறு என்றே வைத்துக்கொண்டாள். விடையைத் தட்டச்சு செய்கிற கேள்விகளில் தவறுக்குக் கழிவே கிடையாது. அங்கே தவறாகிப்போன ஐந்துக்கும் ஒவ்வொன்று கழித்தாள். ஐம்பது நின்றது. அவள் மனம் வைத்திருந்த சென்னைக் கல்லூரியில் போன வருடம் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அறுபத்தைந்துக்கு மேல் வாங்கியிருந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

வீட்டில் ரஞ்சித் கேட்டான், "இன்னாம்மே, எவ்ளோ தேறும்?"

"கொழம்புக்கு ஆச்சு."

அவன் சிரித்துவிட்டான். கோவிந்தம்மா சிரிக்கவில்லை. நேரே தெருவுக்குப் போய், மருமகளுக்கு ஏதோ வந்திருக்கிறதாம் என்று நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். கோட்டைக்குப்பத்தில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். கலைவாணி கொட்டகைக்குப் போகும் வழியில் இரண்டு பேர் இனிப்பு கேட்டார்கள்.

ஆனால் பெனிட்டாவுக்கு அன்றே பதில் வேண்டியிருந்தது. பொன்னேரியில் புதுக் கடை திறக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. "படிக்கப் போற மாதிரி இருந்தா சொல்லிடு, வேற ஆளு பாக்கறேன். இல்லன்னா கடை ஒனக்குத்தான்" என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள். ஐம்பது என்றால் கடை. எழுபத்தொன்று என்றால் கையிலிருப்பதை விட்டுவிட்டு, இன்னும் தராசு ஏறாத ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

பெனிட்டா தராசின் முன்னால் ஒரு காலை ஐஸ் பெட்டிமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். முட்டியில் தைலம் மணத்தது.

"எவ்ளோ வருது?"

"அம்பதுக்கா."

பெனிட்டாவும் இந்த ஏரிக்கரையில் பிறந்தவள்தான்.

"இது கரையில சொல்ற கணக்கா, தராசுக் கணக்கா?"

கலைவாணி, பெனிட்டா தூக்கி வைத்திருந்த அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியில் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டாள். நான்கைச் சரி என்று வைத்தாள். ஐந்தைக் கழிக்காமல் விட்டாள். ஈரக் கைவிரல் பட்டுப் பட்டுத் திரை இரண்டு முறை மக்கர் செய்தது. பெனிட்டாவின் தோள் துண்டை உருவித் துடைத்துக்கொண்டாள்.

கடைசி எண்ணைக் கூட்டச் சொல்லி அழுத்தியதும், அதைத் தான் பார்க்கும் முன்பே, கைபேசியைப் பெனிட்டா பக்கம் திருப்பிவைத்தாள்.