கோல் போஸ்ட்டுக்குக் கட்டிய மஞ்சள் டேப்

வெயிலில் கம்பி கட்டியவன் சேஃப்டி டிப்ளமா முடித்து, வெள்ளை ஹெல்மெட்டோடு சேஃப்டி ஆபீசராக நின்றால் கால் தரையில் பாவுமா? எனக்குப் பாவவில்லை. ஆனால் மூன்று மாதம் ப்ரொபேஷன். ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் திரும்பக் கம்பி கட்டப் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் பாஸ்கர் சார் சொல்லிவிட்டார்.

முதல் சைட், துபாயில் ஒரு விளையாட்டு மைதானம். கனடாவிலிருந்து ஒரு புரொஃபஷனல் ஃபுட்பால் டீம், சீசன் தொடங்கும் முன் பயிற்சிக்கு வந்திருந்தது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஆளுக்கு ஆள் பீரோ சைஸில் இருந்தார்கள். கோல் போஸ்ட் நட்டது எங்கள் கம்பெனி.

காலையில் போய்ப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. போஸ்ட் மைதானத்தின் கடைசியில் இல்லை. ஓடுகிற வழியிலேயே நிற்கிறது! எந்தப் புண்ணியவான் நட்டானோ என்று திட்டிக்கொண்டே மஞ்சள் டேப் சுற்றி, கோன் வைத்து, ‘டேஞ்சர்’ போர்டும் மாட்டினேன். பயிற்சி நின்றுபோனது.

டீமின் சாமான்களுக்குப் பொறுப்பான தர்ஷன் ஓடிவந்தான். டொரண்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரன்.

“அண்ணை, என்ன செய்யிறியள்? கோச் கத்துறார்!”

“கத்தட்டும் தம்பி. ஓடுற வழியில இரும்புத் தூணு. மண்டை பொளந்தா எவன் பதில் சொல்றது?”

“ஐயோ, எங்கட கனடா ஆட்டத்தில அது அங்கதான் நிக்கோணும். அமெரிக்காக்காரர்தான் பின்னுக்கு வைக்கிறவை.”

அதற்குள் பாஸ்கர் சார் போன். “யோவ், க்ளையன்ட் குதிக்கிறான்! டேப்பை அவுருய்யா, யல்லா, சீக்கிரம்!”

அவிழ்த்தேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போஸ்ட்டில் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச், தோசை கனம்தான் இருந்தது. அல் கூஸில் நாங்கள் தங்கும் கேம்ப்புக்கு வண்டியை விரட்டி, என் கட்டில் மெத்தையை உருவிக்கொண்டு வந்து, போஸ்ட்டைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினேன். தர்ஷன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில், பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடிவந்த ஒரு ராட்சசன் ‘தொம்’மென்று அதில் மோதி விழுந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அவனோ எழுந்து, மெத்தையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தான். கோச் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

டீம் கிளம்பும் நாளில் தர்ஷன் வந்தான். “அண்ணை, கோச் உங்கட மெத்தையைக் கேக்கிறார். சீசன் முழுக்க வேணுமாம்.”

“அப்ப நான் எதுல படுக்கிறது?”

பக்கத்தில் நின்ற பாஸ்கர் சார் பல்லைக் கடித்தார். “குடுத்துருய்யா. உன்னை கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி க்ளையன்ட் மெயில் போட்டிருக்கான்.”

புதிதாக வரும் சேஃப்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பொருள் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு டேப்பைக் கையில் எடுங்கள். கேட்ட பிறகும் பயமாக இருந்தால் சும்மா இருக்காதீர்கள். ஆனால் அடுத்தவன் மெத்தையை எடுங்கள்.