பிரான்சிஸ் சித்தப்பாவின் ஒற்றை லைன்

ஓமந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் என் சித்தப்பா பிரான்சிஸ். குழாய்கள் போகும் வழிக்குப் பஞ்சாயத்து ஆபீசில் வரைபடம் உண்டு. அதை நம்பி யாரும் பள்ளம் எடுப்பதில்லை. "பேப்பர்ல ரெண்டு லைன் போட்டிருப்பான், தோண்டினா ஒண்ணுதான் இருக்கும்" என்பார்.

போன மாசியில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாந்தி. விழுப்புரத்தில் நான் வேலை செய்யும் ஸ்கேன் சென்டருக்கே கொண்டுவந்தார்கள். மூளை ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல உப்பிக் கசிந்திருந்தது.

கிளிப் போட்டு அடைக்க வேண்டும், விட்டால் மறுபடி வெடிக்கும் என்றார் டாக்டர். மூளையின் முன்பக்கத்துக்கு வலம், இடம் என்று இரண்டு குழாய் ரத்தம் கொண்டுபோகும். சித்தப்பாவுக்கு வலது குழாய் பிறவியிலேயே நூல்போல. இரண்டு பக்கத்துக்கும் இடதுதான். உப்பல் இருந்ததும் இரண்டும் சேரும் சந்திப்பில். முன்கூட்டியே தெரிந்தது நல்லது, இடது பக்கமாகத் திறந்து, வெடித்தால் உடனே மூட வசதியாக அந்தக் குழாயை முதலில் கைக்குள் வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னார்.

சின்னம்மா சவுரியம்மாள் உடனே சரியென்றார். சித்தப்பா என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கம்ப்யூட்டரில் படத்தைச் சுழற்றிக் காட்டி அரைமணி நேரம் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

"அந்த லைனை மூடிட்டா?"

"ஆபரேஷன்ல வெடிச்சாதான் சித்தப்பா, கொஞ்ச நிமிஷம் மூடுவாங்க."

"வலப்பக்கத்துலருந்து வராது இல்ல?"

"வராது."

"அப்ப ரெண்டு காலும் போய்டும். பேச்சு?"

"போனாலும் போகலாம்."

அதற்குமேல் எதுவும் அவரிடம் ஏறவில்லை. சும்மா விடுவதில்தான் ஆபத்து அதிகம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். "நீ படம் பாக்கறவன்டா. நான் மூடிக்கினே இருக்கறவன். அஞ்சு நிமிஷம்னுதான் எல்லா வால்வையும் மூடுறோம்" என்றார். சின்னம்மா அழுதார். பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். ஆபரேஷன் வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சித்தப்பா ஊருக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பல் துலக்கும்போது விழுந்தார். ஆம்புலன்ஸ் திண்டிவனம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் ஆன மறுநாள் சின்னம்மா என்னிடம் பேசினார். திட்டவில்லை. "டாக்டரு சொன்னதுல எனக்குப் பாதிதான் புரிஞ்சிது, சரின்னேன். அவரையும் அந்தப் பாதியோட விட்டிருக்கலாம் நீ."