வலிக்காமல் நடந்த புரட்டாசி

முதலில் வந்தது வாடைதான். திருமலையிலிருந்து வந்து, சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கெல்லாம் பிரசாதம் கொடுத்து முடித்த மறுநாள், வீட்டுக்குள் ஏதோ அழுகிய வாடை அடித்தது.

"இன்னாமே, எலி எங்கனா செத்துகீதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பீரோவை நகர்த்தினோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தோம். நான் அடுப்பங்கரைக்குப் போனால் வாடை அங்கே வந்தது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் அங்கேயும் வந்தது. கடைசியில் அவர்தான் குனிந்து என் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். உடனே ஆட்டோ கூப்பிடப் போனார்.

சர்க்கரை உள்ளவர்கள், அதிலும் என்னைப் போல வேண்டுதலுக்காக வெறுங்காலோடு நடக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு.

எங்கள் கோஷ்டி ஒவ்வொரு புரட்டாசியும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருமலைக்கு நடந்தே போகும். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் என்று வழி. தார் ரோடு கொதிக்கும். லாரிப் புழுதி வாயெல்லாம் இருக்கும். இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் அந்த நாட்களில் நான் யாருக்கும் சோறு வடிக்க வேண்டாம். வழியில் முன்பின் தெரியாதவர்கள் மோர் கொடுத்து, "குடிங்க சாமி" என்பார்கள். அடையாற்றில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற என்னைச் சாமி என்பார்கள். தூரத்தில் மலை கண்ணில் பட்டதும் ஓர் அழுகை வரும். அந்த அழுகைக்காகவே நடக்கலாம்.

மதியம் எங்காவது மண்டபத்தில் உட்காரும்போது எல்லோரும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டுவிட்டால் நீர் வடிந்துவிடும். அந்த வருடம் எல்லோருக்கும் நூல் விட்டது நான்தான். எனக்கு வலியே இல்லை.

"இன்னா அண்ணி, கால்ல மோட்டார் வெச்சிகினியா?" என்றாள் என் நாத்தனார் கலா. "நாங்கல்லாம் நொண்டிக்கினு வரோம், நீ பஸ்ஸுல வந்தவ மாரி கீற."

"பெருமாள் தூக்கிக்கினு போறாருடி," என்றேன். நம்பித்தான் சொன்னேன். சின்னப் பெண்கள் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பின்னால் ஆஸ்பத்திரியில் பிடுங்கிய இரும்பு ஆணி, புழுதிக்கடியில் அப்போதே ஏறியிருக்க வேண்டும். யாரும் என் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கோங்கம்மா, தொடறப்போ சொல்லுங்க," என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?"

"ரெண்டு காலும் முடிச்சிட்டேம்மா," என்றார் மெதுவாக.

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு செத்து, கால் உணர்ச்சி இழப்பது) என்று சொன்னார். சில வருடங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும் என்றார். நான் அருள் என்று நினைத்தது அதைத்தான். சீழ் எலும்பு வரை போய்விட்டது. ஆஸ்டியோமயலைடிஸ் (எலும்புக்குள் கிருமி பிடிப்பது). கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தால் பாதம் நிற்கும், தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே போய்விடும் என்றார்.

வீட்டுக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். "நடப்பாளா டாக்டர்?"

"வீட்டுக்குள்ள நடப்பாங்க. மலைக்கெல்லாம் இனிமே வேணாம்."

விரல்களை எடுத்தார்கள். அதன் பிறகு டெப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) பல தடவை. புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. பாத்திரம் தேய்க்கிற வேலை போயிற்று. முன்பெல்லாம் எனக்கு வருடம் என்றால் ஒரு புரட்டாசியிலிருந்து அடுத்த புரட்டாசி வரை. இப்போது காலையில் பாதம் பார்க்கிறேன், இரவு படுக்கும் முன் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவில்தான் என் பொழுது. கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பேன். அது யாரோ என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பொருள் மாதிரி இருக்கிறது. நீங்களும் தினமும் பாருங்கள். வலிக்கவில்லை என்றால் கட்டாயம் பாருங்கள்.

விளக்கு ஏற்றுகிறேன். பெருமாள் மேல் கோபமில்லை. முன்போல அவரிடம் பேச்சு வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் கோஷ்டி கிளம்பிய அன்று கலா மஞ்சள் புடவையோடு வந்தாள். வழக்கமாகக் கிண்டல் பண்ணுகிறவள், வாசலில் நின்று, "வரேன் அண்ணி," என்றாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கோவிந்தா சத்தம் தெருமுனை திரும்பும் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியம்தான் அது வந்தது. காலில் சுரீர் என்று ஒரு வலி, கொப்புளத்தை அழுத்தியது மாதிரி. "ஐயோ" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரர் சாப்பாட்டை விட்டு ஓடி வந்தார். எச்சில் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் காலைப் பிடித்தார்.

"எங்கமே வலிக்குது? இங்கயா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி."

"இங்கயா?"

"கட்டைவெரல்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் விரல் நீட்டிய இடத்தில் விரிப்புதான் இருந்தது. அவர் அங்கே கையை வைத்து மெதுவாக அமுக்கிவிட்டார்.