குடல்வால் இருக்கும் பக்கம்

அன்று வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள், திருத்தங்கலில் இருந்து கறி வாங்கிக்கொண்டு வந்திருந்த மனைவியின் தம்பி. கதவில் ஒட்டியிருந்த மனித உடல் படத்தையும் சேர்த்தால் ஐந்து. யார் யார் என்ன சொன்னார்கள் என்று எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பழியைப் பங்குபோட ஆறாவது ஆள் கிடைக்கவில்லை.

அந்தப் படம் நாங்கள் அடித்தது. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் இருபது வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய சீசனில் பிள்ளைகள் வாங்குகிற சார்ட்டுகள் லோடு லோடாகப் போகும். உடம்பைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்தத் தாள்களில் இருந்துதான். கீழே வரிசையாக நான்கு கட்டங்கள் இருக்கும். செல், செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம். மேலே தோல் உரித்த ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். கல்லீரலுக்கு எவ்வளவு சிவப்பு ஏற வேண்டும், வெள்ளையணுவுக்கு ஊதா எவ்வளவு மங்க வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அறிவு வந்ததோ இல்லையோ, பயம் வந்தது. இடது தோள் வலித்தால் இதயம். கால் வீங்கினால் சிறுநீரகம். மாதம் ஒரு தடவையாவது டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீட்டுச் சிரிப்பே அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள் மனைவி. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மத்தியானம் கறிக்குழம்பு வாசனையே பிடிக்கவில்லை என்று சுருண்டு படுத்தாள்.

"வலி எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

அடிவயிற்றில் வலது பக்கம் கை வைத்தாள். "இங்கன வந்து நின்னுக்கிச்சு. அமுக்குனா உசுரு போகுது."

மச்சினன் பைக் சாவியை எடுத்தான். "அத்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?"

"எதுக்குலே? கேஸா இருக்கும். குடல்வாலா இருந்தா இடது பக்கம்லா வலிக்கணும்."

"நீங்களா சொல்லுதீக? ஏப்பம் வந்தாலே இ.சி.ஜி. எடுக்கிற ஆளாச்சே!"

மனைவி அந்த வலியிலும் சிரித்தாள். மகள் கதவுப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா, எங்க டீச்சர் வலது பக்கம்னுதான..."

"நான் இருவது வருசமா இத அச்சடிக்கேன். நீ எனக்குச் சொல்லித் தாறியா?"

அவள் படத்தை விட்டு நகர்ந்து போனாள். ஒரு சோடா வாங்கி வரச் சொல்லி மச்சினனை அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வலிக்கு முன்னால் பயப்படாமல் நின்றது எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை விடியும்போது வலி கொஞ்சம் விட்டிருந்தது. "பாத்தியா, கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனேன். மத்தியானம் குளிர்க்காய்ச்சல் வந்து, வயிறு பலகையாக இறுகியபோது அவள் எனக்குப் போன் செய்யவில்லை. தம்பிக்குச் செய்தாள். அவன் பட்டாசுக் கம்பெனியில் வேலையைப் போட்டுவிட்டு ஆட்டோவோடு வந்து அவளை ஏற்றிக்கொண்டு, வழியில் இருந்து என்னைக் கூப்பிட்டான். "விருதுநகர் கொண்டுபோறேன். நேரா அங்கன வந்திருங்க."

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "எப்ப இருந்து வலி?"

"நேத்துக் காலைல இருந்து."

"நேத்தே ஏன் வரல?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அங்கேயும் தோல் உரித்த ஆள் நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா அந்தப் படத்தில் விரல் வைத்தார். "இந்தா, வலது பக்கம் கீழ. குடல்வால் வெடிச்சு வயிறு பூராம் சீழ் பரவியிருக்கு. சீழ்னா கிருமியோட சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்கதான். அவங்க அம்புட்டு நேரம் சண்டை போட்டிருக்காங்க. ஒடனே ஆபரேசன் பண்ணணும்."

விரல் இருந்தது தாளின் இடது பக்கம். நான் இருபது வருடமாகப் பார்த்த அதே இடம். எங்கள் தொழிலில் இடமும் வலமும் தாளுக்குத்தான். படம் சரிந்தால் 'இடது பக்கம் நூலளவு ஏத்து' என்போம். தாளில் நிற்கிற மனிதருக்கும் ஒரு வலது கை உண்டு, அவர் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நம்முடைய இடதுக்கு எதிரே வரும் என்று லட்சக்கணக்கான தாள்களை எடுத்துப் பார்த்த எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மகள் சொல்ல வந்தது அதைத்தான்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முதல் மூன்று நாள் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். வயிற்றில் இருந்து இறங்கிய குழாயில் அழுக்கு மஞ்சளாக ஏதோ வந்துகொண்டிருந்தது. நான் வெளிர் ஊதாவில் அடித்துத் தள்ளிய அணுக்கள் அவை. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நான் செய்யாத வேலையை அவை செய்திருக்கின்றன.

பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் தழும்பில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சு. நீங்களே பயப்படலையேன்னு தைரியமாப் படுத்துக்கிட்டேன்."

படத்தில் பக்கத்தை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அப்படித் தைரியமாக நின்றேன் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது. மகள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அவளும் அம்மாவிடம் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

இந்த வாரம் அதே சார்ட் மறுபடி மெஷினில் ஏறியிருக்கிறது. முதல் தாளை எடுத்து, படம் வெளியே பார்க்க, என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். குடல்வால் என் வலது பக்கம் வந்து சரியாக உட்கார்ந்தது.

"என்ன அண்ணாச்சி, சட்டைக்கு அளவு எடுக்கீகளா?" என்றார் பக்கத்து மெஷின்காரர். சிரித்து வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டியது மச்சினன் பைக் மாற்றச் சேர்த்து வைத்திருந்த நாற்பத்தைந்தாயிரம். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுக்கிறேன். "எங்க அக்காவுக்குத்தான செஞ்சேன், விடுங்க அத்தான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமையே அவன் எடுத்த சாவியைத் தடுத்தவன் நான். விட முடியாது. இருபத்தேழு வாரம் கொடுத்திருக்கிறேன். பாக்கி முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.