கவ்வாத்துச் சாமி கல்லில் வந்த மணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தேன். இரண்டு தடவை பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதத் தொடங்கி, அரைப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். கொழுந்து பறிக்கிறவள் காட்டு மிருகத்தைப் பற்றி எழுதினால் யார் நம்புவார்கள் என்ற கூச்சம் ஒன்று. ஆசை பிடித்தவர்கள் கண்ணி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. இரண்டையும்விடப் பெரியது, இதில் நடந்த தவறு என் கையால் நடந்தது என்பது. முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் எங்கள் லயம். எந்த எஸ்டேட், எந்த மலை என்று சொல்லமாட்டேன். என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். அதனால் சில வருஷத்துக்கு ஒரு தரம் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து.

அது ஒரு கார்த்திகை மாதக் காலை. வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. பனிமூட்டம் மட்டும் செடி மட்டத்தில் கிடந்தது. எங்கள் தேயிலை மலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை உண்டு. அதன் ஓரத்தில் அது நின்றது.

மரநாய் எனக்குத் தெரியும். லயத்துக் கூரைமேல் ஓடும், பலாப்பழத்தைக் குடைந்துவிட்டுப் போகும். சின்னப் புனுகுப்பூனையையும் கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்திருக்கிறேன். இது அந்த இரண்டும் இல்லை. நாட்டு நாய் உயரம். சாம்பல் நிறம். விலாவில் பெரிய பெரிய கறுப்புத் திட்டுகள். கழுத்தில் கறுப்பும் வெள்ளையும் பட்டையாக ஓடின. முதுகு நெடுக முடி குத்திட்டு நின்றது. நாலு காலும் மையில் தோய்த்து எடுத்த மாதிரி. வால் வளையம் வளையமாக இருந்தது. ஆறு தரம் ‘சரவணபவ’ சொல்லி முடிக்கும் நேரம் அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். பிறகு அவசரமே இல்லாமல் சோலைக்குள் போய்விட்டது.

அன்றைக்கு மலையில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து நிரையில் பறிக்கும் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். “நீ கார்த்திகை விரதம் இருந்து கண்ணு இருட்டிருக்கும்டி. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போயிருந்தா அது நாயாத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். அவள் பேச்சில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “ஒன்னப் பாத்து அது ஓடலையா?” என்று கேட்டார். ஓடவில்லை என்றேன். “அப்ப தைரியமான ஜீவன்தான்” என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போனார்.

தை பிறந்தது. அந்த மலையின் மூலையில், சோலையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதுதான் கவ்வாத்துச் சாமி. கவ்வாத்து தொடங்கும் நாளில் வெட்டுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கல்லைக் கழுவி, பொட்டு வைத்து, கத்திகளை அதன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் செடியைத் தொடுவார்கள். கத்தி பட்டுக் கை போன கதைகள் எங்களுக்கு நிறையத் தெரியும். அதனால் அந்தச் சாமியிடம் விளையாட்டு கிடையாது. மற்ற நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைப்பது என் வேலையாக இருந்தது. யாரும் சொல்லி அல்ல, நானாக ஏற்றுக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கல்லை நெருங்கும்போதே ஒரு வாசனை. முதலில் மூக்கைச் சுளிக்க வைத்தது. கொஞ்சம் நின்றால் அதுவே மணமாக மாறியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிருத்திகையன்று கோயிலில் அபிஷேகம் முடிந்து முருகனுக்குப் புனுகு சாத்துவார்களே, அதே மணம். கல்லின் பின்புறம் பழுப்பாக, பிசுபிசுப்பாக எதையோ தடவியிருந்தது. அதில் நாலைந்து முடியும் ஒட்டியிருந்தது. ஏதோ தெருநாய் வந்து உரசிவிட்டுப் போயிருக்கிறது என்று அந்த முடியைப் பார்த்துக் கோபம் வந்தது. மணம் சாமியுடையது, முடி நாயுடையது என்று நானே பிரித்துக்கொண்டேன்.

ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினேன். மஞ்சள் கரைத்து ஊற்றினேன். லயத்துக்கு வந்து, சாமி வந்து இறங்கியிருக்கிறார் என்று சொன்னேன். சிரித்த அதே அக்கா அடுத்த வாரம் பாலோடு வந்தாள், அவள் பின்னால் லயமே கும்பிட வந்தது. அந்த வாரமும் மணம் இருந்தது. அதற்கடுத்த வாரமும், அதற்கும் அடுத்த வாரமும் இருந்தது. நாலு வெள்ளிக்கிழமை நான் கழுவினேன். ஐந்தாவது வெள்ளிக்கு வெறும் கல்தான் நின்றது. யார் தீட்டோடு வந்ததோ, சாமி போய்விட்டார் என்று அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாசியில் ஒரு பெண் வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். மிருகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு லயம் லயமாகப் போய், என்னென்ன மிருகம் பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் விளையாட்டாக என்னை முன்னே தள்ளிவிட்டார்கள்.

அவள் படம் எதையும் முதலில் காட்டவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். வளையம் எத்தனை என்று கேட்டாள், எண்ணவில்லை என்றேன். “எண்ணலைன்னு சொன்னீங்க பாருங்க, அது போதுங்கக்கா” என்றாள். பிறகு ஆறேழு அட்டைகளைப் பாயில் பரப்பினாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் மட்டும் போட்டோ இல்லை, கையால் வரைந்த படம்தான்.

அதற்குப் பேர் மலபார் புனுகுப்பூனை என்று பிறகு சொன்னாள். ஒரு காலத்தில் அழிந்தே போய்விட்டது என்று எழுதிவிட்டார்களாம். அப்புறம் எங்கோ தோல் மட்டும் கிடைத்ததாம். உயிரோடு காட்டில் திரிவதை யாரும் படம் எடுத்ததாக அவளுக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று சிலரும், எப்போதோ முடிந்துபோனது என்று பலரும் சொல்கிறார்கள் என்றாள்.

எனக்கு அன்று தொடங்கிய யோசனை இன்னும் நிற்கவில்லை. ஒரு ஜீவன் இல்லை என்று எப்படி எழுதுவது? ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல எத்தனை தரம் கதவைத் தட்டவேண்டும்? கடைசியாக நிற்கும் ஒன்று, தான்தான் கடைசி என்று தெரிந்து நிற்குமா? இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சோலைக்குள் மரத்துக்கு மரம் கேமராப் பெட்டி கட்டினாள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். படத்தில் முள்ளம்பன்றி விழுந்தது, கேளையாடு விழுந்தது, எங்கள் இரண்டு பேரின் காலும் விழுந்தது. அது விழவில்லை. பங்குனியோடு அவளுடைய அனுமதி முடிகிறது. “கடைசி வரைக்கும் ஒண்ணுமே கெடைக்கலைன்னா, இந்தச் சோலைக்கு நேரா ‘இங்கே இல்லை’ன்னு எழுதணுங்கக்கா. எழுதிட்டா அப்புறம் யாரும் இந்தப் பக்கம் தேடி வரமாட்டாங்க” என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பேச்சின் நடுவேதான் சொன்னாள்: அது பார்க்கக் கிடைக்காவிட்டாலும் அதன் அடையாளம் கிடைக்கலாமாம். ஒரே கல்லில், ஒரே கட்டையில் திரும்பத் திரும்ப வந்து பின்புறத்தைத் தேய்த்துப் புனுகு தடவிவிட்டுப் போகுமாம். அதில் முடி ஒட்டியிருக்குமாம். ஒரு முடி கிடைத்தால் எந்தப் பூனை என்று சோதித்துச் சொல்லிவிடலாமாம்.

நான் நாரால் தேய்த்துவிட்ட முடி ஞாபகம் வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் வாய் திறக்கவில்லை. சொன்னால், நாற்பது பேர் கும்பிட்ட மணம் பூனையுடையது என்றாகிவிடும். சொல்லாவிட்டால், இருக்கிற ஜீவனை இல்லை என்று எழுத நானே காரணமாகிவிடுவேன். வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கோயிலில் நாம் வாங்கிச் சாத்தும் புனுகை, அது தானாகவே வந்து சாத்திவிட்டுப் போயிருக்கிறது. சாமி கல்லில் இல்லாமல் போகவில்லை. துடைத்தவள் நான்.

நாலாம் நாள் அவளைக் கல்லடிக்கு அழைத்துப் போனேன். “இந்தக் கல்லுதாம்மா. வாசன இதுலதான் வந்துச்சு. சாமி வந்திருக்குன்னு நான்தான் கழுவுனேன். முடியும் இருந்துச்சு. நார் போட்டுத் தேச்சிட்டேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். “எத்தன தடவைங்கக்கா?” என்றாள்.

“நாலு.”

“கழுவுனதுக்கு அப்பறம் மறுபடி வந்துச்சுங்களா?”

“மூணு தரம் வந்துச்சு. நாலாவதுக்கு அப்பறம் வரல.”

“அப்ப அதுக்கும் இந்தக் கல்லு முக்கியம்” என்று எழுந்தாள். கல்லுக்கு எதிரே கேமரா கட்டவேண்டும், பங்குனி முடிகிறவரை யாரும் கல்லைக் கழுவக்கூடாது என்றாள்.

அடுத்த வெள்ளிதான் கவ்வாத்துப் பூஜை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் பிரட்டு முடிந்ததும் வெட்டுகிறவர்கள் கூடிப் பேசினார்கள். கழுவாமல் கத்தி வைத்தால் ஆகாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். பூனைக்குப் பயந்து சாமியை அழுக்காகப் போடுகிறீர்களே என்று அக்கா தூரத்திலிருந்தே சத்தம் போட்டாள். கடைசியில் வீட்டுக்காரர்தான் பேசினார்.

“ஆடி ஆவணியில ராப்பகலா மழையில நனையிற சாமி அது. ஒரு மாசம் குளிக்கலன்னு நம்மகிட்டயா வந்து கேக்கப் போகுது? இந்தக் குளிர்ல நாம எத்தன நாள் குளிக்கிறோம்னு அதுக்குத் தெரியாதா?”

அங்கே எழுந்த சிரிப்பில் காரியம் முடிந்தது. பத்தடி தள்ளி, சில்வர் ஓக் மரத்தடியில் கத்திகளை வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மலையின் கீழ்க்கோடியிலிருந்து வெட்டத் தொடங்கினார்கள். அந்த வருஷம் யாருக்கும் கத்தி படவில்லை. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது என் கடமை.

கேமராவில் முதலில் வந்தது காட்டுப்பன்றி. பிறகு நின்று வெற்றிலை போட்ட என் வீட்டுக்காரர். பங்குனி முடிய மூன்று நாள் இருக்கும்போது, விடியும் நேரத்தில் ஒரு படம். வெள்ளையாக மூடிய பனிக்குள் ஒரு மிருகத்தின் பின்பாதி. வாலில் கறுப்பு வெளுப்பாகத் தெரிகிறது. பெரியதா சின்னதா என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் தன் ஆராய்ச்சிப் பெரியவர்களுக்கு அனுப்பிக் கேட்டாள். அவர்களாலும் சொல்ல முடியவில்லை. கல்லில் போய்ப் பார்த்தோம். மணம் இல்லை, முடியும் இல்லை.

போகிற அன்று அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

“நான் பாத்தத எழுதும்மா. கழுவுனதயும் எழுது. இருக்குன்னு எழுதச் சொல்லல. இல்லைன்னு எழுதாத.”

அவள் அப்படியே எழுதினாள். சில மாதம் கழித்துப் போனில் படித்துக் காட்டினாள். இந்தச் சோலையில் இல்லை என்று முடிவு செய்யக் காரணம் போதாது, திரும்பத் தேட வேண்டிய இடம் என்று இருந்தது. அதைக் கேட்டுவிட்டுப் பூஜை மாடத்தில் ஒரு விளக்கு ஏற்றினேன். அதற்குப் பிறகு வேறு இரண்டு பேர் வந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. இன்னும் வருவார்கள். இப்போதெல்லாம் கல்லின் முன்பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைக்கிறோம். பின்பக்கம் யாரும் கை வைப்பதில்லை. அக்காகூட வைப்பதில்லை.

என் கதை எனக்கு முன்னாலேயே ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, ஒரு எஸ்டேட்டில் புலிக்குட்டி வந்து சாமி கல்லைச் சுற்றி விழுந்து கும்பிட்டதாம் என்று என்னிடமே சொன்னார். கேட்டவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அழகுக்காக ஒன்றும் சேர்க்கவேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு ஒன்றும் குறைக்கவும் வேண்டாம். அது மூன்று தரம் திரும்பி வந்தது என்பதற்கு, நான் நாலு தரம் கழுவினேன் என்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதை விட்டுவிட்டுச் சொன்னால், அது வரவே இல்லை என்றாகிவிடும்.